கஞ்சி வடித்த நேரம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை 6.30 மாத்திரை. 7.15 இட்லி நான்கு. (நான்கு என்றே வைத்துக்கொள்வோம்.)

இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தது என் மனைவி கோமு. போன பயணம் முடிந்து வீட்டுக்குப் போனபோது எனக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. பாளையங்கோட்டை டாக்டர், சாப்பிடுவதையும் செய்கிற வேலையையும் நேரம் போட்டு எழுதச் சொன்னார். கோமு அவருக்கு மேலே போய்விட்டாள். "மணி போடாம ஒரு வரி இருக்கப்படாது. வந்ததும் நான் உக்காந்து படிப்பேன், ஆமா" என்று சொல்லித்தான் பஸ் ஏற்றினாள். இருபத்திரண்டு வருஷமாகக் கப்பலில் நாற்பது பேருக்குப் பொங்கிப் போடுகிறவன் நான். என் இட்லிக்கு நானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. தலையெழுத்து.

11.00 சென்னைத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினோம். இது கடலை ஆராய்கிற கப்பல். சரக்கு ஏற்றுவதில்லை, மீன் பிடிப்பதில்லை. நடுக்கடலில் நின்று தண்ணீரை மொண்டு மொண்டு பார்ப்பார்கள். இப்படிப் பதினாறு நாள்.

பிப்ரவரி 4, புதன்

6.30 மாத்திரை. 7.30 உப்புமா. 12.45 சோறு, ரசம், அவரைக்காய்.

ஆராய்ச்சிக்காரர்களில் பாதிப் பேர் வாந்தி. எழுந்து வந்து சாப்பிட்டவர்களும் தட்டைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இந்தக் கப்பலில் எனக்கு முன்பு சமைத்தவர் நீராவிப் பெட்டியில் அரிசியை வேகவைத்துவிடுவாராம். நானும் இன்று அப்படியே செய்தேன். கட்டி கட்டியாக வந்தது. இன்ஜினியர் மரியதாஸ் தூத்துக்குடிக்காரர், வாய் சும்மா இருக்காது. "என்ன வே பால்வண்ணம், சோறு ஆக்கினியா, சிமெண்டு குழைச்சியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

எனக்கு மானம் போய்விட்டது. நாளையிலிருந்து அண்டாவில் கொதிக்கவிட்டு வடித்த சோறுதான். சர்க்கரைக்கும் அதுதான் நல்லது என்று கோமு சொல்வாள்.

பிப்ரவரி 5, வியாழன்

6.30 மாத்திரை. 11.50 சோறு வடித்தேன். 12.45 சாப்பாடு. எல்லாரும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். சோறு பூப்போல இருந்தது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

3.00 மரியதாஸ் வந்து குதித்தார். நான் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிய கஞ்சி குழாய்க்குள் ஆறி உறைந்து, கழிவுத் தொட்டிக்குப் போகிற வழி மொத்தமும் அடைத்துக்கொண்டதாம். "இன்னொரு தடவ இதுல கஞ்சி ஊத்துன, உன்னயவே குழாய்க்குள்ள விட்டுக் குத்துவேன்" என்றார். பேசுகிற பேச்சைப் பார். சப்புக்கொட்டிக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றதும் இவர்தானே!

சரி, இனிக் குழாயில் ஊற்றவில்லை. சமையலறைக் கதவைத் திறந்தால் வலது பக்கத் தளம், அதற்கப்புறம் கடல். அவ்வளவுதானே.

கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கப்பல் நின்று ஆராய்ச்சி நடக்கும்போது கடலில் குப்பை, எண்ணெய், சோப்புத் தண்ணீர் எதையும் கொட்டக் கூடாதாம். நான் ஏன் கொட்டப் போகிறேன்?

பிப்ரவரி 6, வெள்ளி

6.30 மாத்திரை. 12.15 சோறு வடித்தேன், கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 4.00 டீ, சர்க்கரை இல்லாமல்.

விடியற்காலை ஓரிடத்திலும் மாலை ஐந்து மணிக்கு இன்னோரிடத்திலும் நின்றோம். பன்னிரண்டு பாட்டில்களை வட்டமாகக் கட்டிய இரும்புக் கூண்டைக் கம்பியில் இறக்குகிறார்கள். பாட்டில்கள் வாயைத் திறந்துகொண்டே கீழே போகும். மேலே வரும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். இறக்குகிற இடம் என் சமையலறைக் கதவிலிருந்து பத்தடி.

இதற்கெல்லாம் பொறுப்பு தமயந்தி என்கிற பெண். நாகப்பட்டினம். ஐந்து வருஷமாக ஆராய்ச்சிப் படிப்பு, இதுதான் கடைசிப் பயணம். டீ வாங்க வந்தவளிடம், "அப்படி என்ன தாயி இந்தத் தண்ணியில?" என்று கேட்டேன்.

"நம்ம வங்காள விரிகுடா ஒரு பட்டினிக் கடல்ணே. ஆத்துத் தண்ணியெல்லாம் வந்து மேல மூடி போட்ட மாதிரி நிக்கும். உரச்சத்து கீழ இருட்டுல கெடக்கு. வெளிச்சம் மேல இருக்கு. ரெண்டும் சந்திக்காது. அதனால பாசி வளராது, பாசியத் தின்ற உயிர் வளராது, மீனும் கொறச்சல்."

"அப்ப அம்புட்டுதானா?"

"சில இடத்துல கடல் பெரிய வட்டமா சுத்தும். நூறு, நூத்தம்பது கிலோமீட்டர் அகலத்துக்கு. சுத்தச் சுத்த நடுவுல கீழத் தண்ணி மேல ஏறும். இங்க அப்படி ஒரு சுழல் இருக்குன்னு செயற்கைக்கோள் படத்துல தெரியுது. அது உரச்சத்த வெளிச்சத்துக்குக் கொண்டு வருதான்னு நான் காட்டணும். காட்டலேன்னா இந்த அஞ்சு வருஷமும் போச்சு. இன்னொரு தடவ கப்பல் கெடைக்காதுண்ணே."

பாவம், கழுத்தெலும்பு தெரிகிறது. ஒரு வடை சேர்த்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 7, சனி

6.30 மாத்திரை. 11.40 மூன்றாவது இடத்தில் நின்றோம். 11.50 சோறு வடித்தேன், இரண்டு அண்டா. 12.45 சாப்பாடு.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தமயந்தி சமையலறைக்குள் ஓடி வந்தாள். "அண்ணே, மேல்மட்டத் தண்ணியிலயே பாஸ்பேட் உரம் ஏறியிருக்கு! மேல வரைக்கும் வந்திருச்சு!" எனக்கு அது என்ன கிரகம் என்று தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சந்தோஷம் வரும். உடனே சேமியா பாயசம் வைத்தேன். எல்லாருக்கும் ஒரு தம்ளர்.

7.30 பாயசம். ருசி பார்க்க ஒரு கரண்டி.

8.00 உப்புப் பார்க்க இன்னொரு கரண்டி.

பிப்ரவரி 8, ஞாயிறு

6.40 மாத்திரை. வடக்கத்திக்காரர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்காகச் சப்பாத்தி. சோறு இல்லை. 12.45 சப்பாத்தி இரண்டு. நூற்றைம்பது சப்பாத்தி இட்டுத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

மதியம் நான்காவது இடம். அங்கே மேல்தண்ணீரில் ஒன்றுமே இல்லையாம். தமயந்தி சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

6.30 மாத்திரை. 11.45 சோறு வடித்தேன். ஐந்தாவது இடத்தில் நின்றுகொண்டிருந்தோம். 12.45 சோறு, வத்தக்குழம்பு, அப்பளம்.

மறுபடியும் பாஸ்பேட் ஏறிவிட்டது. பெண் சிரித்துவிட்டாள். மீதி இருந்த சேமியாவை வீணாக்க வேண்டாம் என்று 5.00 மணிக்கு ஒரு கிண்ணம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

6.30 மாத்திரை. 11.55 சோறு வடித்தேன். ஆறாவது இடம்.

2.00 மணிக்குத் தமயந்தியும் வேதநாயகம் சாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சார்தான் இந்தப் பயணத்தின் தலைமை விஞ்ஞானி. நாகர்கோவில்காரர், அதிகம் பேசமாட்டார். நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மூணு, அஞ்சு, ஆறு, இந்த மூணு எடத்துலயும் மேல் பத்து மீட்டர் தண்ணி லேசா வெள்ளையா மங்கி இருக்கு சார். கருவி காட்டுது. நாலுல மட்டும் பளிங்கு மாதிரி இருக்கு. ஏன்னே புரியல" என்றாள் தமயந்தி.

மோரை என் கையிலேயே ஊற்றிக்கொண்டேன்.

3.00 இந்த நோட்டைப் புரட்டினேன். சனிக்கிழமை சோறு. ஞாயிற்றுக்கிழமை சப்பாத்தி. திங்கள் சோறு. இன்று சோறு.

கஞ்சி குப்பையா? நோட்டீசில் குப்பை, எண்ணெய், சோப்பு என்றுதான் போட்டிருக்கிறான். கஞ்சி நாம் குடிக்கிற பொருள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிறோம், காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிறோம். அதைப் போய்க் குப்பை என்று யாராவது சொல்வார்களா? அத்தனை பெரிய கடலில் இரண்டு அண்டாக் கஞ்சி என்ன செய்துவிடும்?

ஒன்றும் செய்திருக்காது.

பிப்ரவரி 11, புதன்

மாத்திரை போட்டேனா என்று நினைவில்லை. புளியோதரை. கஞ்சியை வாளியில் பிடித்து மூடிவைத்திருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 12, வியாழன்

6.30 மாத்திரை. 7.00 ஒன்றும் இறங்கவில்லை.

8.00 தமயந்தி டீ வாங்க வந்தாள். இன்று மாலை கரையில் இருக்கிற தன் பேராசிரியருக்கு மெயில் அனுப்பப் போகிறாளாம். வங்காள விரிகுடாவில் சுழலின் உரச்சத்து மேல்மட்டம் வரைக்கும் வந்துவிட்டது என்று. "அவர் அத வெளிநாட்டுக் கூட்டத்துல பேசுவாருண்ணே. என் பேரோட" என்றாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சொன்னால் என் வேலை போகும். இந்த வயதில், இந்தச் சர்க்கரையோடு, வேறு எவன் கப்பலில் ஏற்றுவான்? சொல்லாவிட்டால் அந்தப் பெண் என் கஞ்சியைத் தூக்கிக்கொண்டு ஊருலகம் எல்லாம் போய்க் காட்டுவாள். என்றைக்காவது ஒருத்தன் கண்டுபிடித்துச் சிரிப்பான். நான் பாளையங்கோட்டையில் கால் நீட்டிப் படுத்திருப்பேன்.

அடுப்பை அணைத்தேன். 9.20 ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அங்கே அவளும் வேதநாயகம் சாரும் இருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சார், அந்த வெள்ளை, அது கஞ்சி" என்றேன்.

"என்ன கஞ்சி?"

"சோத்துக் கஞ்சி சார். நாந்தான் ஊத்துனேன். கூண்டு எறங்குன பக்கமே ஊத்திட்டேன். குழாய் அடைச்சுக்கிட்டுது, அதனால. குப்பை இல்லையேன்னு நெனச்சேன் சார்."

தமயந்தி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "அரிசியில பாஸ்பரஸ் இருக்கு" என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏண்ணே?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மரியதாஸ் மாதிரி நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பாட்டில் எல்லாம் வாயத் தொறந்துகிட்டு அந்தக் கஞ்சி வழியாத்தான் கீழ போயிருக்கு. அப்ப அம்பது மீட்டர் ஆழத்துல எடுத்த தண்ணியையும் இனி நம்ப முடியாது" என்றார். தமயந்தி முகத்தை மூடிக்கொண்டாள்.

"எந்த நாள், எத்தன மணிக்கு ஊத்துனீங்கன்னு ஞாபகம் இருக்கா பால்வண்ணம்?"

"ஞாபகம் எதுக்கு சார்? எழுதியே வச்சிருக்கேன்."

ஓடிப்போய் இந்த நோட்டை எடுத்து வந்தேன். சார் முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஒவ்வொரு வரியிலும் மணி. அவர் புருவம் மேலே போனது. "தமயந்தி, நம்ம பதிவுப் புத்தகத்தவிட இது சுத்தமா இருக்கு" என்றார். அவள் பக்கத்தில் வந்து நின்று நேரங்களைக் குறித்துக்கொண்டாள். ஒன்றாவது, இரண்டாவது இடங்களில் கூண்டு இறங்கிய நேரத்தில் கஞ்சி இல்லை. நான்கில் சப்பாத்தி. கெட்டுப்போனது மூன்று இடம்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனால் சுழலின் நடுப்பகுதி என்று அவள் நினைத்ததே அந்த மூன்றும்தான்.

பாயசப் பக்கங்களையும் அவர்கள் படித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது சார் கூப்பிட்டார். "பால்வண்ணம், உங்க கஞ்சி சூடா, ஆறுனதா?"

"அடுப்புலேர்ந்து எறக்குன சூட்டுல ஊத்துவேன் சார்."

"அம்பது மீட்டருக்குக் கீழ மத்த எடத்தவிட மூணு டிகிரி குளிர்ச்சி இருக்கு. கஞ்சி கடலக் குளிர வைக்காது, கீழத் தண்ணி மேல ஏறுனாத்தான் குளிரும். சுழல் இருக்கு தமயந்தி, அதுல சந்தேகமில்ல. உரம் எதுவரைக்கும் வந்திருக்குன்னுதான் மறுபடி பாக்கணும். நான் கேப்டன்கிட்ட அரை நாள் கேக்கறேன்."

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். நான் வெளியே வந்து ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போனாலும் போகட்டும் என்று அப்போது தோன்றியது. மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது.

பிப்ரவரி 13, வெள்ளி

6.30 மாத்திரை. 7.00 ரொட்டி இரண்டு. 12.45 ரொட்டி இரண்டு, வாழைப்பழம் பாதி.

மூன்றாவது இடத்துக்கே திரும்பி வந்துவிட்டோம். கேப்டன் உத்தரவு: காலையிலிருந்து அடுப்பு பற்றவைக்கக் கூடாது, சமையலறையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. நாற்பது பேருக்கும் ரொட்டி, ஜாம், பழம். விஷயம் கப்பல் முழுக்கப் பரவிவிட்டது. போகிற வருகிறவன் எல்லாம் என்னைப் பார்த்துக் கரித்துக்கொட்டினான். மரியதாஸ் மட்டும் ரொட்டியை மென்றுகொண்டே வந்து நின்றார்.

"குழாயில ஊத்தாதன்னு சொன்னது நாந்தான வே? கேப்டன்ட்ட அதையும் சொல்லிட்டேன்."

அந்த வாய்க்குள்ளே இப்படியும் ஒரு மனுஷன் இருந்திருக்கிறான்.

11.30 கூண்டு இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றேன். நெல்லையப்பா, காந்திமதித் தாயே, அந்தப் பிள்ளைக்கு ஒரு வழி விடு என்று கும்பிட்டேன். கடலுக்கு அடியில் இருக்கிற உரத்துக்காகச் சாமி கும்பிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

12.40 கூண்டு மேலே வந்தது. பாட்டில்களை ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். முடிவு நாளைக்குத்தான்.

பிப்ரவரி 14, சனி

6.30 மாத்திரை.

10.10 தமயந்தி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். என் எதிரில் இருந்த அரிசி மூட்டையில் உட்கார்ந்தாள். என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே இருந்தேன்.

"மேல்தண்ணியில ஒண்ணும் இல்லண்ணே. சுத்தமா இல்ல."

பூண்டு கீழே விழுந்தது.

"நாப்பது மீட்டர்லேர்ந்து கீழ, உரம் அன்னிக்கு வந்த அதே அளவு. அப்படியே இருக்கு. கஞ்சி அவ்வளவு ஆழம் போகவே இல்ல. அம்பது மீட்டர்ல பச்சையம், மத்த எடத்தப் போல நாலு பங்கு! நாப்பது அம்பது மீட்டர் வரைக்கும் வெளிச்சம் போகும்ணே. உரமும் வெளிச்சமும் அங்க சந்திக்குது. பாசி வளந்து கெடக்கு."

"அப்ப... மேல வரலையே தாயி? பரவால்லியா?"

"மேல வரணும்னு அவசியமே இல்லண்ணே. நான்தான் ஆசைப்பட்டு மேல மட்டும் பாத்துட்டேன். அந்த மெயில அனுப்பியிருந்தேன்னா என் கதி என்னாயிருக்கும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். பூண்டுக் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். கேப்டன் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். வேலை இருக்கிறது.

சாயங்காலம் வலையில் பிடித்ததை ஒரு சொட்டு எடுத்து உருப்பெருக்கியில் காட்டினாள். கண்ணாடித் துண்டு மாதிரி என்னென்னவோ துள்ளிக்கொண்டிருந்தன. ஒன்றின் வயிற்றுக்குள் பச்சையாகத் தெரிந்தது. "பாசியத் தின்னுருக்கு" என்றாள். வயிறு நிறைந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே திருப்திதான்.

பிப்ரவரி 16, திங்கள்

6.30 மாத்திரை. 11.50 சோறு வடித்தேன். கஞ்சியில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மோர் விட்டு ஆற்றி, 12.15க்குத் தளத்தில் வெயிலில் நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு சொம்பு. வடக்கத்திக்காரர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு அவர்களே சொம்பை நீட்டினார்கள். வேதநாயகம் சார் இரண்டு சொம்பு. அண்டா காலி. கடலுக்கு ஒரு சொட்டு இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

6.30 மாத்திரை. 9.00 சென்னை. தமயந்தி இறங்குவதற்கு முன் ஒரு படம் அச்செடுத்துக் கொடுத்தாள். கோடு கோடாக, புள்ளி புள்ளியாக இருந்தது. அவள் எடுத்த தண்ணீர் ஒவ்வொன்றும் ஒரு கறுப்புப் புள்ளி. உச்சியில் மட்டும் மூன்று வட்டங்கள் உள்ளே நிரப்பாமல் வெறுமையாக இருந்தன. கீழே பொடி எழுத்தில்: "வெற்று வட்டங்கள் சமையலறைக் கஞ்சி கலந்தவை. நேரம்: சமையலர் பால்வண்ணத்தின் நாட்குறிப்பு."

"என் ஆராய்ச்சிப் புத்தகத்துல இப்படித்தான் போடப் போறேண்ணே" என்றாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

7.00 மாத்திரை. வீட்டில்தான். 8.00 இட்லி நான்கு, நிஜமாகவே நான்கு.

கோமுவிடம் படத்தைக் காட்டினேன். விரலை வைத்துப் பார்த்தாள். "எல்லாம் கறுப்பா இருக்கு. இந்த மூணு மட்டும் ஏன் காலியா இருக்கு?"

"அந்த மூணும் நாந்தான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். பயந்து கேட்டாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் மணி போடச் சொன்னதாலதான் அந்தப் பிள்ள தப்பிச்சுது, தெரிஞ்சுக்கோங்க" என்றாள். மறுத்துப் பேச வழியில்லை. படத்தைச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். சிரித்த சிரிப்பில் நோட்டைக் கேட்க மறந்துவிட்டாள். அப்பாடா.

பிப்ரவரி 21, சனி

7.00 மாத்திரை. 7.10 பாயசப் பக்கங்களைக் கோமு படித்துவிட்டாள்.